சத்தம் கேட்டதா?

மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆயினும் விடுதிச் சாம்பாரின் நீர்த்தன்மையையும், வாணி விழாச் சுண்டலையும், பின்மதிலேறிக் குதித்துப் படம் பார்க்கச் சென்ற வீரத்தையும் ஏனைய அன்பர்கள் எழுதாது விடப்போவதில்லை. என்னைக் காட்டிலும் சுவையாகவும் எழுதுவர். ஆதலின் நான் எழுதப் புகுவது ஒரு மோட்டார் வண்டியின் சுக்கானைக் கழற்றி மாட்டிய கதை. இதற்கும் கல்லூரிக்கும் யாது தொடர்பு என வினவுவோர்க்கு ஒரு விடை உண்டு. அவ்வண்டியின் சொந்தக்காரன், விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் ஐந்து ஆண்டுகள் குறட்டை விட்டவன்.

உடம்பைக் கண்டு அவனுக்குப் பீமன் என்று பெயரிட்டோம். அப்பெயர்க்கு இன்றும் பழுதில்லை. நான் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிற்குத் தமிழாசிரியனாக வந்து சேர்ந்தபோது, அவன் இரத்தினபுரி நகரிலே எழுதுபொருட் கடை நடத்திக்கொண்டிருந்தான். மாணிக்கம் விற்கும் ஊரில் கொப்பி விற்றுப் பிழைப்பவன் நான் என்று வேடிக்கையாகச் சொல்லுவான். கடையில் மிஞ்சிய பணத்தைச் சேர்த்து, யாரும் எதிர்பாராத விதமாகப் பழைய மினிக் கார் ஒன்றை வாங்கினான்.

மினியை அறியாதார் இலர். 1959ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்து, 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட வண்டி அது. அலெக் இசிகோனிஸ் என்பார் அதனை வகுத்தார். நீளம் பத்து அடிதான். எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, சில்லுகளை நான்கு மூலைக்கும் ஒதுக்கி, எஞ்சிய இடத்தையெல்லாம் மனிதருக்கு விட்டார். இச்சிறு வண்டி 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மொன்டே கார்லோ ஓட்டத்தில் முதலிடம் பெற்றது. இவற்றையெல்லாம் நண்பன் எனக்குச் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. அவனுடைய ஆசை நுவரெலியாவிலே இருந்தது. அங்கே மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கியது. தேயிலை மலையின் முடக்குகளில் வண்டிகளை ஒவ்வொன்றாக ஏறவிட்டு நேரங் கணிக்கும் போட்டி அது. தன் மினியும் ஒருமுறை அம்மலை ஏறவேண்டும், எத்தனையாம் இடம் வந்தாலும் வரட்டும் என்பான். நாற்பதைக் கடந்தவனுக்கு இப்படி ஓர் ஆசை இருப்பதை நான் குறைகூறவில்லை. எனக்கு இருந்திருந்தால் நானும் சற்று இளமையாக இருந்திருப்பேன்.

போட்டிக்கென்று ஆசனமொன்றை வாங்கிப் பூட்டினான். இரு பக்கமும் உயர்ந்து, அமர்பவரை அப்படியே கவ்விக்கொள்ளும் ஆசனம். அதிலேதான் தொல்லை பிறந்தது. மினியின் சுக்கான் வளையம் பஸ் வண்டியினுடையது போலச் சற்றே மல்லாந்து கிடப்பது. அதற்கும் ஆசனத்துக்கும் இடையே நண்பனுடைய தொடை நுழைய வேண்டும். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அவன் படும் பாட்டைக் கண்டு, கோணிப் பைக்குள் பலாப்பழம் ஏற்றுகிறார்கள் என்று கடைப்பையன்கள் சிரித்தனர். ஆகவே, வேண்டும்போது கழற்றி, அமர்ந்தபின் மாட்டிக்கொள்ளும் சுக்கான் பூட்டுவதென முடிவாயிற்று.

இங்கே ஒரு சொல் பற்றி நின்று போகவேண்டும். கராச்சில் எல்லாரும் 'ஸ்டியரிங்' என்றே சொல்லுவர். நானும் அங்கே அப்படித்தான் சொன்னேன். எழுதும்போது சுக்கான் என எழுதுகிறேன். இது கப்பலிலிருந்து இரவல் வாங்கிய சொல் என்று சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. ஆனால் முதன்முதல் வந்த மோட்டார் வண்டிகளுக்கு வளையமே இல்லை. தோணியின் சுக்கானைத் திருப்புவது போல ஒரு நீண்ட கைபிடியால்தான் அவற்றைத் திருப்பினர். 1894ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த ஓட்டத்தில் வஷேரோன் என்பவர் தமது வண்டிக்கு வளையம் பூட்டி வந்தார். பின்னரே அது பரவிற்று. ஆகவே நமது சொல் வண்டியின் பூர்வீகத்தை மறவாத சொல் என்று கொள்ளலாம்.

கழற்றும் சுக்கானும் நேற்று வந்ததன்று. 1930களின் கிராண்ட் பிரீ வண்டிகளில், ஒடுங்கிய இருக்கைக்குள் ஓட்டுநர் இறங்குவதற்காகவே சுக்கானைக் கழற்றும்படி அமைத்திருந்தனர். இன்று அது வசதிக்கு மேல் ஒரு காப்பாகவும் இருக்கிறது. ஃபோர்முலா 1 வண்டியில் பட்டிகள் யாவும் பூட்டி அமர்ந்திருக்கும் ஓட்டுநர், சுக்கானைக் கழற்றிக்கொண்டு 5 விநாடிக்குள் வெளியேற வேண்டும், மொத்தம் 10 விநாடிக்குள் அதனை மீண்டும் மாட்டிவிட வேண்டும் என்று விதி இருந்தது. தலைக்கு மேலே ஹேலோ எனும் காப்பு வளைவு 2018இல் வந்தபின், அவ்வெல்லையை 7 எனவும் 12 எனவும் நீட்டினர். வேறு பல போட்டி வண்டிகளுக்குச் சர்வதேசச் சம்மேளனம் வகுத்த விதியில், கழற்றும் வளையம் சுக்கானுக்குப் பின்னே, தண்டின் மீது இருக்கவேண்டும், மஞ்சள் நிறமாக இருக்கவேண்டும், தண்டின் திசையிலேயே இழுத்துக் கழற்றுவதாக இருக்கவேண்டும் என்றுள்ளது. விபத்தில் ஓடி வருபவர் தேடிக்கொண்டு நிற்கலாகாது அல்லவா?

வேலையைச் செய்தவன் என் பழைய மாணவன். இறப்பர்த் தோட்டமொன்றிலே பால்வெட்டும் தொழிலாளியின் மகன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, நகரத்துக் கராச் ஒன்றிற் சேர்ந்து, இப்போது அங்கே தலைமை மெக்கானிக்காக இருப்பவன். வகுப்பிலே வாய் திறவாத பிள்ளை. பத்தாம் வகுப்பில் 'நான் ஒரு நாணயம்' என்பது போன்றதொரு தற்கூற்றுக் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் நாணயமும் குடையும் செருப்பும் ஆனார்கள். இவன் மட்டும் தோட்டத்து மாரியம்மன் தேரின் அச்சாணியானான். தேர் புறப்படும் முன் தன்னை யாரோ ஒரு தாத்தா ஒருமுறை தட்டிப் பார்ப்பார் என்று எழுதியிருந்தான். ரகர றகரப் பிழைகள் மலிந்திருந்தன. பத்துக்கு நான்கு கொடுத்தேன். வள்ளுவர் அச்சாணியைச் சொன்ன இடத்தைக் காட்டியிருக்கலாமே என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்தேன்.

நண்பன் முதலில் வாங்கி வந்தது பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைத்த ஒரு சாமான். அறுகோண வடிவான தண்டு, அதன்மேல் ஓர் உறை, இரண்டையும் பிணைக்க ஒரே ஒரு முள். மாணவன் அதனைக் கையிலெடுத்துக் காதருகே ஆட்டினான். கலகலவென்று ஆடியது. "இது இப்பவே ஆடுது சேர். ஆறு மாசம் போனா என்னாகும்?" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான். நண்பனுக்குக் கோபம். அடுத்த மாதம் விலை கூடியது வந்தது. அதிலே பல்வரிசை வெட்டிய தண்டும், அதற்கு நேர்ப்பட்ட பல்வரிசையோடு உறையும் இருந்தன. ஒரு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தமையால், ஒரே நிலையிலன்றி வேறெந்த நிலையிலும் பொருந்தாது. உறைக்குள் சிறு உருக்குக் குண்டுகள் இருக்கின்றன. வெளியே சுருள்வில்லால் தள்ளப்படும் கழுத்து வளையம் ஒன்று. வளையத்தை இழுத்தால் குண்டுகள் விலகி இடங் கொடுக்கும். விட்டால் வளையம் முன்னே பாய்ந்து, குண்டுகளைத் தண்டிலுள்ள தவாளிப்புக்குள் அழுத்திப் பூட்டும். அவ்வேளை 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இந்தச் சத்தம் பற்றியதே இக்கட்டுரை.

அதனோடு வந்த அறிவுறுத்தல் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு தமிழிற் சொல்லுவது என் பணி. ஞாயிறுதோறும் கராச்சின் ஓரத்தில் ஒரு பழைய ரயரின்மேல் அமர்ந்து வாசிப்பேன். பாதிக்கு மேல் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆயினும் குறுக்கே பேசாது கேட்பான், வகுப்பிற் கேட்டதைப் போலவே.

பழைய சுக்கானைக் கழற்றுவதிலே ஒரு நுட்பங் கண்டேன். பற்றரியின் கம்பியைக் கழற்றி, முன்சில்லுகளை நேராக நிறுத்தி, நடு மூடியைப் பெயர்த்தபின், தண்டின் நுனியிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்தினான். ஆனால் முழுவதும் கழற்றவில்லை. இரண்டு மூன்று புரி மிச்சம் விட்டான். பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த சுக்கான் திடீரென விடுபடும். அவ்வேளை நட்டு இல்லையானால் இழுப்பவன் முகத்திலே மோதும். முதல்நாள் மாலை எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தான். சுத்தியலை எடுக்கவே இல்லை. தண்டின் தலையில் அடித்தால் புரியும் கெடும், கீழே உள்ளவையும் அதிரும் என்றான். இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி அரைமணி நேரத்தில் எடுத்தான்.

அடுத்து அத்தண்டின் பல்வரிசைக்குப் பொருந்தும் இடைத்துண்டு வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியாயினும் செய்த ஆண்டுக்கேற்பப் பல்வரிசை மாறும். முதலில் வந்த துண்டு பாதி இறங்கி நின்றுவிட்டது. அரத்தால் சற்று இராவினால் இறங்குமே என்றான் நண்பன். மாணவன் அதனைத் துணியிற் சுற்றி அவன் கையிற் கொடுத்தான். மாற்றித் துண்டு வர மூன்று கிழமை சென்றது. பின்பு பெரிய நட்டை அளவுச் சாவியால் இறுக்கி, நட்டிலிருந்து தண்டுவரை ஒரு வெள்ளைக் கோடு கீறினான். நட்டுத் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டும். கழற்றும் உறுப்பை ஆறு போல்ட்டுகளால் பிணைத்தான். போட்டிச் சுக்கான்களில் இவ்வாறு துளையும் பெரும்பாலும் 70 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும். சில கம்பனிகள் 74 என வைத்திருப்பதால் வாங்குமுன் அளக்க வேண்டும். ஒன்றை இறுக்கியதும் பக்கத்ததை விட்டு எதிரே உள்ளதை இறுக்கினான். ஹோர்ன் கம்பிக்குத் தொடர்பு அறுந்தமையால், முன்பலகையில் தனியே ஒரு பொத்தான் வைத்தான்.

வீதியில் நாளும் ஓடும் புதிய கார் வைத்திருப்போர் இதனைப் படித்து ஆசை கொள்ளலாகாது. இக்காலத்து வண்டிகளின் சுக்கானுக்குள் காற்றுப்பை இருக்கிறது. மோதலில் ஓட்டுநரின் நெஞ்சைக் காப்பது அது. அதை எடுத்தெறிந்துவிட்டு அழகுக்கென்று இரும்புத்துண்டு பூட்டுவதை நான் மூடத்தனம் என்றே சொல்லுவேன். நண்பனின் மினியில் எடுப்பதற்குக் காற்றுப்பையே இருக்கவில்லை.

பூட்டி முடிந்த அன்று மாணவன் எங்கள் இருவரையும் அழைத்து, கழற்றி மாட்டச் சொன்னான். விளங்கியதா என்று அவன் கேட்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எமக்கு முதலிற் படிப்பித்தவற்றுள் ஒன்று அது. விளங்கியதா என வகுப்பைக் கேட்டால் நாற்பது வாயும் விளங்கியது என்றே சொல்லும், செய்து காட்டச் சொல்லிப் பார் என்பார்கள். அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தாரோ அறியேன். இருவரையும் பத்துப் பத்துத் தடவை செய்ய வைத்தான். ஒவ்வொரு தடவையும், "சத்தம் கேட்டுச்சா? இப்ப உங்க பக்கம் இழுங்க" என்பான். ஏன் இழுக்கவேண்டும் என்றதற்கு அவன் சொன்ன விடைதான் என்னைப் பிற்பாடு உறங்கவிடாதது. குண்டுகள் தவாளிப்பில் விழாவிட்டாலும் பல்வரிசை பொருந்தியிருக்கும். சுக்கான் திரும்பும். வண்டியும் திரும்பும். எல்லாம் சரியாகவே இருப்பது போலத் தோன்றும், யாரேனும் தம் பக்கமாக இழுக்கும்வரை.

அடுத்த வாரம் எங்கள் பாடசாலையில் கண்காட்சி. மினியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று நான்தான் நண்பனை வற்புறுத்தி வரவழைத்தேன். மாணவனும் மோட்டார்ச் சைக்கிளில் வந்திருந்தான். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, அவன் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் சிறு வகுப்புகளோடு ஓட்டுநர் கதவருகே நின்றேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் கழுத்து வளையத்தை இழுத்துச் சுக்கானைக் கழற்றி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். எழுந்த ஆரவாரத்தை இன்னும் மறக்கவில்லை. இருபது ஆண்டுகள் நன்னூல் படிப்பித்தவனுக்கு ஒருநாளும் கிடையாத கைதட்டல் அது. பிள்ளைகள் கேட்கக் கேட்க மூன்று தடவை, நான்கு தடவை கழற்றிக் காட்டினேன். ஈற்றில் மணி அடித்தது. ஒரு சிறுமி என் கையைப் பிடித்து இழுக்க, மறு கையால் சுக்கானை வைத்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

"சேர், சத்தம் கேட்டுச்சா?" என்றான் அவன், மூடிக்குப் பின்னாலிருந்து.

"கேட்டது" என்றேன்.

கேட்கவில்லை. அத்தனை பிள்ளைகளின் கூச்சலில் எதுவும் கேட்டிராது. கேட்டதா இல்லையா என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை. கேள்வி வந்தது, விடை கொடுத்தேன். அவன் மூடியைச் சாத்தினான். என் சொல்லை இன்னொரு முறை சோதிப்பது என்ற எண்ணமே அவனுக்கு எழுந்திராது. நான் அவனுடைய ஆசிரியன்.

அன்றைக்கு ஆசிரியர் விடுதிவரை என்னை ஏற்றிச் செல்வதாக நண்பன் சொன்னான். பாடசாலைக்கு மேலே தோட்டத்துப் பாதை இரண்டு முடக்குகளில் மலை ஏறுகிறது. முதலாம் முடக்கைச் சுகமாகக் கடந்தோம். சுக்கான் திரும்பிற்று, வண்டியும் திரும்பிற்று, மாணவன் சொன்னபடியே. இரண்டாவது முடக்கில் ஏற்றம் அதிகம். நண்பன் முன்னால் பார்ப்பதற்காக, தடித்த மனிதர் செய்வது போலவே, சுக்கானைப் பற்றித் தன்னை முன்னே இழுத்துக்கொண்டான். சுக்கான் அவனோடு வந்துவிட்டது. அவன் அதைத் தட்டம் போல மார்பின் முன்னே பிடித்திருந்தான். அந்தக் காட்சி என் கண்ணில் மிக நீண்ட நேரம் நின்றது. உண்மையில் ஒரு விநாடிதான் இருக்கும். அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி கானுக்குள் இறங்கி, மண்மேட்டில் மூக்கை முட்டி நின்றது. வலப்புறம் இறங்கியிருந்தால் இறப்பர் மரங்களுக்கிடையே நூறு அடி கீழே லயங்கள். என் முழங்காலில் இரத்தம். அவன் உதடு வெடித்திருந்தது. ஒரு விளக்கு நொறுங்கியது. அவ்வளவே.

பின்னால் மோட்டார்ச் சைக்கிளில் வந்த மாணவன் ஓடிவந்தான். "சேர், அடிபட்டுச்சா?" என்றுதான் முதலிற் கேட்டான். பிறகு நண்பன் கையிலிருந்த சுக்கானைக் கண்டான். அவன் முகத்தில் இரத்தம் வற்றிற்று.

"தம்பி, நீ பூட்டின சாமான் கையோட வந்திட்டுதே" என்றான் நண்பன். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செய்தி அன்றிரவே கராச் முதலாளிக்குப் போயிற்று. அவர் சிங்களவர், நேர்மையானவர், தமது கராச்சிலிருந்து வெளியேறும் வண்டிக்குத் தாமே பொறுப்பு என்று எண்ணுபவர். காரணம் தெரியும்வரை எந்த வண்டியிலும் கைவைக்கக் கூடாது, தெரியாவிட்டால் மாத முடிவில் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாணவனுக்குச் சொல்லிவிட்டார். அவர் நிலையில் நானாயினும் அதையே சொல்லியிருப்பேன். மாணவன் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லையாம். சத்தம் கேட்டதா என்று சேரைக் கேட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டது என்று நான் சொல்லிவிட்டேனே. பிழை வேறெங்கோதான் இருக்கவேண்டும். இரண்டு இரவுகள் அந்த உறுப்பைக் கழற்றி, குண்டு குண்டாக எடுத்துத் துடைத்து, அளந்து, பிழையைத் தேடிக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டு இரவும் எனக்கும் நித்திரை இல்லை. மகனின் கைப்பேசியை வாங்கி, இப்படி வேறு யாருக்கேனும் நேர்ந்ததா என்று தேடினேன். என் குற்றத்துக்குத் துணை தேடினேன் என்பதே சரி. கிடைத்தது. 1938ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், ஜேர்மனியில் நூர்பேர்க்றிங் ஓடுபாதை. மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் முன்னணியில் வந்த மன்ஃபிரெட் ஃபொன் பிரௌஹிட்ச் என்பவர் எரிபொருள் நிரப்ப நின்றபோது வண்டி தீப்பற்றிற்று. குழுத் தலைவர் அல்பிரெட் நொய்பாவர் அவரை வெளியே இழுத்தெடுத்தார். தீயை அணைத்தபின் அவர் மீண்டும் ஏறி ஓட்டினார். சிறிது தூரத்தில் வண்டி பாதையை விட்டுப் பாய்ந்தது. சுக்கான் கையோடு கழன்று வந்துவிட்டது என்று சொல்லி, அதைக் கையிலேந்தியபடி நடந்து திரும்பி வந்தார். அவர் சொல்லை நம்பியவரும் உளர், நம்பாதவரும் உளர். அன்று வென்றவர் அதே குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் சீமன் எனும் ஆங்கிலேயர். இவ்வளவும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பரபரப்பிலே சுக்கானை மீண்டும் மாட்டிய கை யாருடையது என்பதை மட்டும் நான் படித்த எதிலும் காணவில்லை.

மூன்றாம் நாட் காலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போனேன். கடையைத் திறந்துகொண்டிருந்த நண்பனையும் கூட்டிக்கொண்டு கராச்சுக்குச் சென்றேன். முதலாளி கதிரை போட்டார். நான் அமரவில்லை. என் சிங்களம் பாடசாலைச் சிங்களம். அன்று அதுவே போதுமானதாக இருந்தது. சுக்கானைக் கடைசியாக மாட்டியவன் நான், சத்தம் கேட்கவில்லை, இழுத்துப் பார்க்கவில்லை, கேட்டதா என்று இவன் கேட்டபோது கேட்டது என்று சொன்னேன் என்றேன். பிறகு மாணவன் பக்கந் திரும்பி அதையே தமிழிற் சொன்னேன். தமிழில் அது நீளமாக இருந்தது.

அவன் மேசைமீது விரித்திருந்த துணியைப் பார்த்தான். குண்டுகளும் வில்லும் வளையமும் வரிசையாகக் கிடந்தன.

"அப்ப சாமான் நல்ல சாமான்தானே சேர்?" என்றான். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. என்மீது கோபம் ஏதும் அவன் முகத்திலே தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

முதலாளி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு மாணவனிடம், வெளியே நிற்கும் வானின் பிரேக்கைப் பார் என்றார். அவ்வளவில் அவர் வழக்கு முடிந்தது. நண்பனின் வழக்குத்தான் முடியவில்லை. வாயில்வரை வந்து நின்று, "கானுக்குள்ள விழுந்ததுக்கில்லையடா. ரெண்டு நாள் என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தனியே" என்றான். ஒரு மாதம் கடைப்பக்கம் போகவில்லை. தீபாவளிக்கு முந்திய நாள் அவனே பலகாரப் பொட்டலத்தோடு வந்தான். அதைப் பற்றி நாங்கள் பின்பு பேசியதில்லை.

வண்டியைத் திருத்தி எடுத்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாணவன் ஒரு புதுமை செய்திருந்தான். கழுத்து வளையம் முழுதாக முன்னே பாய்ந்தால் மட்டும் மறையும் இடத்தில், தண்டைச் சுற்றிச் சிவப்பு மையால் மெல்லிய கோடு போட்டிருந்தான். எத்தனை பேர் கூச்சலிட்டாலும் கண்ணாற் பார்க்கலாம். சுக்கானை என் கையில் தந்தான்.

"நீங்களே மாட்டுங்க சேர்."

மாட்டினேன். சத்தம் கேட்டது. அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "சிவப்புத் தெரியுதா?" என்றான். குனிந்து பார்த்துத் தெரியவில்லை என்றேன். "இழுங்க" என்றான். இழுத்தேன். மறுமுறையும் இழுத்தேன். நான் நகர்ந்ததும், ஒன்றும் சொல்லாமல் உள்ளே கைவிட்டு அவனும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு சுக்கானைக் கழற்றிப் பக்கத்து ஆசனத்தில் வைத்தான். நண்பன் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே இறங்கி அமர்ந்து, சுக்கானை வாங்கித் தானே மாட்டி, என் முகத்தை ஒருமுறை பார்த்து, இரு கையாலும் பலமாக இழுத்தபின் எஞ்சினைத் தொடக்கினான்.